கிணற்றுத் தண்ணீர் தின்ற ரேடியேட்டர்

சத்திரக்குடியைத் தாண்டிய பிறகுதான் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. வண்டியின் பின்னால் பதினான்கு பெட்டி நண்டும் கணவாயும், மேலே நொறுக்கிய ஐஸ். விடியற்காலையில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஏற்றிய சரக்கு. மதுரைக்கு இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. முள் சிவப்பைத் தொடுவதற்குள் ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தால் தார்ச்சாலையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் வாங்கி ஊற்றிய கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், பச்சை நிறம். அந்தப் பச்சை எஞ்சினுக்குள் இல்லாமல் போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

அன்று டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கி ஊற்றி, இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஒருவழியாக மதுரை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஐஸ் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. கணவாயின் வெள்ளை மாறி இளஞ்சிவப்பு தட்டியிருந்தது. வாங்குபவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, விலையை மட்டும் குறைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

வண்டி 2008 மாடல் பிக்கப், இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின். மூன்றாவது கையாக நான் வாங்கினேன். மறுநாள் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு வாய் அடைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். உச்சிப்புளியில் இருக்கும் தாய்மாமாவுக்குப் போன் செய்தேன். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். "பிரிக்க விடாதே, மாப்பிள்ளை. நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

மாமா பார்த்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டியை வைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்த காலை நேரம். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மோரைக் கலக்கியதுபோல் வெளிறிய நுரை இருக்கும். இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரின் அழுத்தக் காற்று தண்ணீருக்குள் புகுந்து விடாமல் குமிழி விடும். குமிழியும் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்புறம் எஞ்சினைச் சூடேற்றி, அணைத்துவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டார், கை வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை நகர்த்திக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கையை நிறுத்தி, "இங்கே தொட்டுப் பார்" என்றார். அந்த இடம் பச்சைத் தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் குளிர்ந்து கிடந்தது. உள்ளே குழாய்கள் அடைத்துக்கொண்டு தண்ணீர் அந்தப் பக்கமே போகவில்லை. மேல் ஹோஸ் சூடாக இருப்பதால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கிறது, பம்பும் தள்ளுகிறது. நோய் ரேடியேட்டரில்தான்.

உள்ளே அடைப்பு, வெளியே அரிப்பு. முன்பக்க ஜாலிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை நகத்தால் லேசாக வருடினேன். உலர்ந்த சாளைமீன் செதில் உதிர்வதுபோல் பொலபொலவென்று உதிர்ந்தன. விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. கீழ்ப்பகுதியில் தகடே இல்லை, வெறும் குழாய்கள்தான் விலா எலும்புபோலத் தெரிந்தன. எங்கள் பக்கம் காற்றே உப்பு. பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். தனுஷ்கோடிச் சாலையிலும் அப்படியே. கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து பறந்து வந்து தகடுகளின் இடுக்கில் உட்காரும். இரவுப் பனியில் அந்த உப்பு ஈரம் பிடித்துக்கொண்டு வேலையைக் காட்டும்.

அரிப்பை உப்புக் காற்றின் மேல் போடலாம். அடைப்புக்கு நான்தான் காரணம். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்க ஆகாது, சோப்பு நுரைக்காது. ஆனாலும் ரேடியேட்டரில் குறைந்தபோதெல்லாம் அதைத்தான் வாளியில் மொண்டு ஊற்றினேன். தண்ணீர்தானே, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்ற நினைப்பு. அன்று மாமா என் நினைப்பைப் பேச்சால் மாற்ற முயலவில்லை. அடுப்படியில் இரண்டு எவர்சில்வர் கிண்ணம் கேட்டு வாங்கினார். ஒன்றில் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் ஒரு டம்ளர் பேட்டரித் தண்ணீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டையும் வற்றும்வரை கொதிக்கவிட்டார். பேட்டரித் தண்ணீர் வற்றிய கிண்ணம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. மற்றதில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படலம். ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் பொருக்காக எழும்பி வந்தது. "ஒரு டம்ளருக்கு இவ்வளவு. நீ எத்தனை வாளி ஊற்றினாய்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிந்து குழாய்க்குள் ஓடாகிவிடும். ஓடு வெப்பத்தை வெளியே விடாது. உவர்த் தண்ணீரின் குளோரைடு இன்னும் மோசம். அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை ஓட்டைகளைப் போட்டுவிடும். மாமா காலத்து லாரிகளில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். மழைத்தண்ணீர் தேங்கும் ஊருணியில் மொண்டு, துணியில் வடிகட்டி ஊற்றுவார்களாம். அந்தத் தண்ணீரும் மென்மையானது, அந்த உலோகமும் பொறுத்துப் போனது. இன்றைய ரேடியேட்டர் அலுமினியக் கூடு, மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டையும் மடித்துப் பிடித்த விளிம்பு, நடுவில் ரப்பர். பழைய பழக்கத்தை இதற்குள் கொண்டுவரக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்கு என் வண்டி தேவைப்படாது. மே மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி வீட்டு முற்றத்தில் ரேடியேட்டரை மாற்றும் வேலையை வைத்துக்கொண்டோம். தேவைப்பட்டவை 10, 12, 14ஆம் நம்பர் ஸ்பேனர்கள், ஒரு திருப்புளி, கட்டிங் பிளேயர், அகலமான பிளாஸ்டிக் தொட்டி, பழைய துணி. இவ்வளவுதான். இதற்காகப் பட்டறைக்குப் போகத் தேவையில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கடற்கரை வண்டிக்கு முக்கியமான ஒன்று: கழற்றுவதற்கு இரண்டு இரவு முன்னதாகவே எல்லா போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். நான் அன்று காலையில்தான் விட்டேன். தாங்கியைப் பிடித்திருந்த இடது கீழ் போல்ட் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைத் துளைபோட்டு எடுக்கவே மூன்று மணி நேரம் போயிற்று. மற்ற போல்ட்டுகளுக்கு மாமா ஒரு வழி காட்டினார். இளக்குவதற்கு முன் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்து, துருவின் பிடியை உடைத்துவிட்டு, அப்புறம் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். முரண்டு பிடித்தால் பாதி இளக்கி மறுபடி இறுக்கி மறுபடி இளக்க வேண்டும். பொறுமையாகச் செய்தபோது ஒன்றுகூட முறியவில்லை.

முதலில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்திவிட்டோம். சூட்டில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாமாவின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சான்று இருக்கிறது. வெளுத்துச் சுருங்கிய தோல். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், 0.9 என்று (பார் கணக்கில் அழுத்தம்) பொறித்த மூடியின் கீழ் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபட்டு அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகப் பாய்கிறது. வழியில் நின்றுவிட்டால் சரக்கு கெட்டாலும் பரவாயில்லை, அரை மணி நேரமாவது காத்திருங்கள். பிறகும் ஈரத்துணியை நாலாக மடித்து வைத்து, முதல் கட்டம் வரை மட்டும் திருகி, சீறல் அடங்கிய பின் முழுக்கத் திறவுங்கள். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்ப்பதும் ஆபத்து. ஹெட் விரிசல் விடும். சத்திரக்குடியில் நான் செய்தது அதைத்தான். என் ஹெட் தப்பியது நல்ல காலம்.

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகு மக்கிப் போயிருந்தது. வலுக்கட்டாயம் செய்யாமல் கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை இறக்கினோம். ஆட்டையும் கோழிகளையும் கட்டிப்போட்டுவிடு என்று மனைவியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இறக்கியதை மூடியுள்ள கேனில் ஊற்றிப் பட்டறைக் கழிவோடு கொடுத்தேன். சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டினால் அது போய்ச் சேரும் இடம் எங்கள் கடல்தான்.

மேல் ஹோஸ், அது மாட்டியிருக்கும் ரேடியேட்டரின் கழுத்துக் குழாயோடு ஒட்டிக்கிடந்தது. பிளேயரால் முறுக்க நான் கையை ஓங்கியபோது மாமா தடுத்தார். பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு வாழைப்பட்டையை உரிப்பதுபோல் உரித்தெடுத்தார். எப்படியும் ஹோஸ் புதிதாகப் போடப்போகிறோம். கழுத்து உடைந்தால்தான் நட்டம். தெர்மோஸ்டாட் பக்கத்துக் கழுத்து உலோகம், ஆனாலும் அதுவும் உப்பில் மெலிந்திருக்கும். ஃபேன் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, கவரை எஞ்சின் பக்கம் தள்ளி ஃபேன் மேல் சாய்த்தோம். மேல் தாங்கிகளைக் கழற்றியதும் ரேடியேட்டர் நேராக மேலே வந்தது. அடியில் அது உட்கார்ந்திருக்கும் இரண்டு ரப்பர்கள் கூழாகிப் போயிருந்தன. அவற்றைக் கட்டாயம் மாற்றுங்கள். ரப்பர் இல்லாவிட்டால் வண்டியின் ஆட்டம் முழுவதும் பிளாஸ்டிக் தொட்டியில் இறங்கும்.

கழற்றியதைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோனேன். கடையில் மாடல் பெயரைச் சொன்னதும் எடுத்து வைத்த முதல் ரேடியேட்டரில் கீழ்க்கழுத்து அரை அங்குலம் பெரிது. ஒரே பெயரில் வந்த வண்டிகளுக்குள் இப்படி வித்தியாசம் உண்டு. பழையதைப் பக்கத்தில் நிறுத்தி, கழுத்துகளின் அளவு, பக்கம், தாங்கித் துளைகளின் இடைவெளி, உயரம் எல்லாம் ஒத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். ரேடியேட்டர், இரண்டு ஹோஸ், நான்கு திருகு கிளிப், புது மூடி, ரப்பர்கள் எல்லாம் சேர்த்தாலும் பட்டறையில் கேட்ட தொகையில் கால் பங்குகூட வரவில்லை. மூடியை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது; அழுத்தம் நிற்காவிட்டால் புது ரேடியேட்டரும் கொதிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு, வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா ஓட்டுநர்களும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அது தவறு. எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராவிட்டால் டீசல் சரியாக எரியாது, புகை கூடும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு குறைவதற்குப் பதில் ஏறும். சோதிப்பது எளிது. பாத்திரத்துத் தண்ணீரில் அதை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தோம். எங்களுடையதில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கத் தொடங்கும் டிகிரி. தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன் மெல்ல வாய் திறந்தது. இறக்கி வைத்ததும் மெல்ல மூடியது. நன்றாக இருந்ததால் அதையே திரும்பப் போட்டோம், ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்க்கும்படி.

எஞ்சினுக்குள் ஊறிக் கிடந்த துருவைக் கழுவாமல் புது ரேடியேட்டரை மாட்டினால் எல்லாம் இதற்குள் வந்து சேரும். தெர்மோஸ்டாட் வெளியே இருந்தபோதே மேல்வழியாகத் தண்ணீர் விட்டுக் கீழ்வழியாக இறக்கினோம். குடிதண்ணீர்தான் ஊற்றினோம். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இப்படி ஊற்றுகிறார்களே என்று பக்கத்து வீட்டு அக்கா வருத்தப்பட்டார். எனக்கும் மனம் பொறுக்கவில்லைதான். முதல் குடம் காப்பிபோல வந்தது, ஆறாவது குடம் தெளிந்தது. கடைசியாக ஐந்து லிட்டர் பேட்டரித் தண்ணீர் விட்டு அலசினோம்.

மாட்டும்போது ஒரே ஒரு பயம், ரேடியேட்டரை இறக்குகையில் ஃபேன் இறக்கை பட்டுத் தகடு நசுங்குவது. பழைய அட்டைப்பெட்டியை ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி ஃபேனுக்கும் அதற்கும் நடுவில் செருகிவிட்டு இறக்கினோம், கீறல் இல்லை. ஹோஸ் உள்ளே ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ தடவினால் ரப்பர் உப்பி இளகிவிடும். கிளிப் ஹோஸின் விளிம்பில் உட்காரக் கூடாது, கழுத்தில் இருக்கும் மேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் கழுத்தில் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும். எல்லா போல்ட்டிலும் மாமா கிரீஸ் தடவினார், அடுத்த முறை முறியாமல் வருவதற்கு.

கூலண்டும் பேட்டரித் தண்ணீரும் பாதிக்குப் பாதி தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி வாசல் சரிவில் நிறுத்தினோம். கடகடவென்று ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். மெல்ல ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸைப் பால் கறப்பதுபோல் பிழிந்து பிழிந்து விட்டேன். ஒவ்வொரு பிழிவுக்கும் குமிழி வந்தது. மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். கால் மணி நேரத்தில் மட்டம் திடீரென்று உள்வாங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். குறைந்ததை நிரப்பி, குமிழி நின்ற பிறகு மூடியைப் போட்டோம். மொத்தம் ஏழரை லிட்டர் பிடித்தது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் திறந்து பார்த்தபோது இன்னும் ஒரு டம்ளர் குறைந்திருந்தது. மிச்சமிருந்த காற்று அது. அன்று மூக்கையூர் வரை வெறும் வண்டியாக ஓட்டிவிட்டு வந்து கிளிப்புகளை மறுபடி கால் சுற்று இறுக்கினேன். புது ரப்பர் ஒரு முறை சூடாகி ஆறியதும் கொஞ்சம் அமுங்கிவிடுகிறது.

பழைய ரேடியேட்டரை எடைக்குப் போடுவதற்கு முன் மாமா அரம்பத்தால் குறுக்கே அறுத்தார். குழாய்களின் வாய் தெரிந்தது. பாதிக்கு மேல் வெள்ளை ஓடு. அதன் நடுவில் மஞ்சளாகக் களிபோல ஏதோ. எனக்குப் புரியவில்லை. மாமா முகர்ந்து பார்த்தார். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கசிவை அடைக்க மஞ்சள்தூள் கொட்டியிருக்கிறார். நெடுஞ்சாலையில் வேறு வழியே இல்லாதபோது பலரும் செய்வதுதான். சின்ன ஓட்டை அடைபடும், நானும் மறுக்கவில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் அதைக் கழுவி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் குழாயையும் அடைத்துவிடும். அறுத்த துண்டில் ஒன்றை எடையில் போடாமல் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டு வாளியோடு வரும் ஓட்டுநர்களிடம் அதை எடுத்துக் காட்டுகிறேன்.

இப்போது வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ச்சித் தகடுகளைக் கழுவுகிறேன். மண்ணும் பூச்சியும் வந்த வழியே போய்விடும். வேகமாக அடித்தால் தகடு சாய்ந்துவிடும். பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புதான் என்பதால் சரக்கு இறக்கிய அன்றே அடிப்பகுதியையும் கழுவிவிடுகிறேன். பச்சைக் கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்காக மாற்றிய தேதியைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதாமல், பெயிண்டாலேயே பானெட்டின் உட்பக்கம் எழுதியிருக்கிறேன். சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் பேட்டரித் தண்ணீர் கேன் ஒன்று எப்போதும் இருக்கிறது. ஜூன் 15க்குப் பிறகு அதன் மூடியை இதுவரை திறக்கவில்லை.